இரண்டாம் நம்பர் ஆப்பரேஷன் அறைக்கு வயர் இழுத்த கதை

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் போன் செய்யவில்லை என்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். விளக்கு நன்றாக எரிகிறது என்று சொல்வதற்காக எவரும் வயரிங்காரனைக் கூப்பிட்டதில்லை. எரியாதபோதுதான் நம் நம்பர் அவர்களுக்கு ஞாபகம் வரும். குழாய் வேலை, ஏர்கான் வேலை, லிஃப்ட் வேலை பார்க்கும் சக துன்பஜீவிகளே, உங்கள் கதையும் இதேதான் என்று எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாகக் கடை, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் இடம் என்று பலதுக்கும் வயர் இழுத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதல் காரியம் மெயினை அணைப்பது. போன வருஷம் ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அங்கே அந்த முதல் காரியமே கூடாது என்றார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆப்பரேஷன் அறைகள், நடுவில் ஒரே ஒரு சுவர். இரண்டாம் நம்பர் அறையை மூடி, கூரையிலிருந்து தரைவரை புது வயரிங். ஒன்றாம் நம்பர் அறையில் வெட்டும் தையலும் வழக்கம்போல் நடக்கும். நாலு மாத வேலை. ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே நடந்த பெரிய தப்பு என்னுடையது. கெடுகிற பேர் என்னோடு நிற்கட்டும்.

பழம் கொடுத்தவர்

புது இடத்தில் கருவியைத் தொடுவதற்கு முன் சாமி கும்பிடுவது என் வழக்கம். சூடம், சந்தனம், வேன் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம், வேலை நடக்கும் இடத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம். சாமான் வாங்கும் பொறுப்பு என் கூட்டாளி ஆ சோங்குடையது. அவன் சீனன். பாலோ ஊரில் தோட்டத்து லய வீடுகளுக்கு எதிர்க்கடையில் என்னோடு சேர்ந்து வளர்ந்தவன், தமிழில் என்னைவிடச் சுத்தமாகத் திட்டுவான். முதல் நாள் காலை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வேனை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, பழத்தைக் காணோம்.

நாங்கள் முழிப்பதைப் பார்த்து வாசல் காவலர் எழுந்து வந்தார். பெருமாள் அண்ணன். லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பத்தெட்டு வயது, சீருடையில் மடிப்புக் கலையாத மனிதர். காவல் கூண்டுக்குப் பின்னால் அவரே வைத்து வளர்த்த எலுமிச்சை மரம் இருந்தது. கிளையைக் கையால் தடவித் தடவி இரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். பிறகு பதிவுப் புத்தகத்தில் எங்கள் வேனை எழுதினார். நம்பரில் ஓர் எட்டு மூன்றாகியிருந்தது. நிறம் என்ற கட்டத்தில் மலாயில் 'கூனிங்', அதாவது மஞ்சள் என்று எழுதினார். என் வேன் வெள்ளை.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பால் கலந்த மாதிரி புரை, வெள்ளையெல்லாம் மஞ்சளாகத்தான் தெரியுமாம். கண் டாக்டர் வாரம் ஒரு நாள் இரண்டாம் நம்பர் அறையில்தான் ஆப்பரேஷன் செய்வாராம். அதை மூடிவிட்டதால் அவசரக் கேஸ் தவிர மற்றதெல்லாம் தள்ளிப் போய்விட்டது. அண்ணனுக்கு வருஷக் கடைசியில் காவல் கம்பெனியின் கண் சோதனை இருந்தது. அதில் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் பழத்தோடு வேனில் ஏறப் போனேன். அவரே சொன்னார்:

"சாமிய நல்லா கும்பிட்டு ஆரம்பிங்க தம்பி. நீங்க முடிச்சாதான் எனக்கு கண்ணு."

பிள்ளை அழுத பிறகு

சுவரில் துளை போடாமல் வயரிங் வேலை கிடையாது. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஒருவருடைய வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது டிரில்லை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் அனுமதி வேண்டும். அனுமதி கொடுப்பவர் சிஸ்டர் ரோஹானி. இரண்டு ஆப்பரேஷன் அறைகளும் அவர் பொறுப்பு. குட்டையான மலாய் அம்மா. குரல் உயராது, உயரத் தேவையும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு டிரில்லைக் கையில் எடுத்தோம். சிஸ்டர் எட்டிப் பார்த்து ஐந்து விரலையும் காட்டினார். ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆ சோங் திட்டுவதற்குத் தமிழில் வார்த்தை தீர்ந்துபோய் ஹொக்கியன் சீனத்துக்கு மாறிவிட்டான். எனக்கும் கோபம்தான். பின்வாசலில் ஒரு மனிதர் கண்ணுக்காகக் காத்திருக்கிறார், நான் இங்கே வாளியில் உட்கார்ந்து ஒரு காலை நேரத்தை வீணாக்குகிறேன்.

பதினொன்றரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பிறகு அதுவே பெரிய சத்தமாயிற்று. ஆ சோங் திட்டுவதை நிறுத்தினான். அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், அந்தச் சத்தம் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்றோம், எதற்கு எழுந்தோம் என்று இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துச் சிஸ்டர் முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"பிள்ளை சத்தம் போட்டாச்சு. இனி நீங்க போடலாம்."

மஞ்சள் டேப்

இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு மேலாளர் என்னைப் போனில் பிடித்தார். பின்வாசல் புத்தகத்தில் தினமும் ஒரு மஞ்சள் வேன் உள்ளே வருகிறது, கேமராவில் ஒரு வெள்ளை வேன் வருகிறது, அனுமதி ஒரு வேனுக்குத்தானே என்றார். நியாயமான கேள்வி. பதில் ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் பெருமாள் அண்ணனுக்கு வருஷக் கடைசிவரைகூட வேலை இருக்காது. நாளைக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆ சோங்கிடம் சொன்னேன். அவன் சாப்பாட்டு நேரத்தில் கருவிப் பெட்டியிலிருந்து நாங்கள் வயரில் சுற்றும் மஞ்சள் டேப் நாலு உருண்டையை எடுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தால் வேனுக்கு முன்கதவிலிருந்து பின்கதவுவரை மூன்று வரிசை மஞ்சள் கோடு. ஒரு கோடு நேர், ஒன்று சுமார், மூன்றாவது கோட்டை ஒட்டும்போது பசி வந்துவிட்டது போலிருக்கிறது.

மறுநாள் மேலாளர் வந்தார். பெருமாள் அண்ணன் அப்போது முன்வாசலில் இருந்தார். மேலாளர் வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். புத்தகத்தைப் பார்த்தார். கூண்டில் தொங்கிய அண்ணனின் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். ஒரு கோட்டின் நுனியை நகத்தால் கொஞ்சம் உரித்தார். பிறகு கட்டைவிரலால் அதை அழுத்தித் திரும்ப ஒட்டிவிட்டு, மலாயில் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"மழையில உரிஞ்சா வாங்க. எங்க ஸ்டோர்லயும் மஞ்சள் டேப் இருக்கு."

ரிட்டையர் ஆகாத வயர்

கூரையைப் பிரித்தபோது உள்ளே பழைய வயர்கள் நாலைந்து தலைமுறையாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பழைய டிராயிங் இருந்தது. எது உயிருள்ளது, எது செத்தது என்று அதில் தெளிவாகக் குறித்திருந்தது. செத்ததை வெட்டி எடுப்பது அன்றைய வேலை. மூன்றை வெட்டினோம். நாலாவது ஒரு தடித்த கறுப்பு வயர். டிராயிங்கில் அதற்கும் சிவப்புப் பேனாவில் குறுக்குக் கோடு இருந்தது. நான் வெட்டுக் குறட்டை வைத்துவிட்டேன், கையை அழுத்துவதுதான் பாக்கி.

"இரு மச்சான்," என்றான் ஆ சோங். டிராயிங் என்ன சொன்னாலும் ஒவ்வொரு வயரிலும் மீட்டரை மாட்டிப் பார்க்கிற சந்தேகப் புத்தி அவனுக்கு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அந்த வீட்டில் சுவிட்சைத் தட்டிப் பார்த்தவன். மீட்டரை மாட்டினான். முள் எழுந்து நின்றது. அந்த வயரில் கரண்டு போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று கூரைக்குள் தவழ்ந்து பார்த்தோம். சுவரைத் தாண்டி, ஒன்றாம் நம்பர் அறையின் ஆப்பரேஷன் விளக்குக்குப் போனது. அந்த விளக்குக்குக் கீழே அந்த நிமிஷம் ஒருவர் படுத்திருந்தார்.

நான் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த விளக்குக்கு மாற்று பேட்டரி உண்டு, ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு ஆஸ்பத்திரி எஞ்சினியர் சொன்னார். இருக்கலாம். அன்றைக்கு ஆ சோங்குக்கு நான் நன்றி என்ற வார்த்தையைச் சொன்னேன், இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக. அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. வயருக்குப் புது லேபிள் ஒட்டிக்கொண்டே சொன்னான்:

"டிராயிங் போட்டவன் ரிட்டையர் ஆயிட்டான் மச்சான். வயரு இன்னும் வேலைக்குத்தான் போய்க்கிட்டு இருக்கு."

நாலாவது தட்டு

வேலை முடிந்தது. ஆனால் ஆப்பரேஷன் அறையை விளக்கு எரிகிறது என்பதற்காகத் திறந்துவிட மாட்டார்கள். அறையைக் கழுவித் துடைத்து, ஆறு இடத்தில் சின்னச் சின்னத் தட்டுகளைத் திறந்து வைப்பார்கள். காற்றில் கிருமி இருந்தால் சில நாளில் தட்டில் முளைத்துவிடும். ஒன்றும் முளைக்காவிட்டால்தான் திறப்பு. திறந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை கண் டாக்டரின் முறை, முதல் பேர் பெருமாள் அண்ணன். அவருடைய கண் சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

ஐந்து தட்டு சுத்தம். நாலாவது தட்டில் பச்சைப் பூஞ்சை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். அந்த இடத்துக்கு நேர் மேலே ஏர்கான் காற்று வரும் வழி. ஏர்கான் வேலை பார்த்த ஃபைசால், ஃபில்டரெல்லாம் புதுசு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். குழாய் முழுவதையும் கழற்றிப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. அதற்கு ஆறு வாரம். நான் பின்னால் நின்று, பாவம் ஃபைசால், பாவம் பெருமாள் அண்ணன் என்று நினைத்துக்கொண்டே நாலாவது தட்டு இருந்த மூலையைப் பார்த்தேன். பக்கத்துச் சுவரில் நான் மாட்டிய பேனல். கடிகாரம், விளக்கு சுவிட்சு, எச்சரிக்கை மணி எல்லாம் அதில்தான். தட்டு வைத்த அன்று மணியைச் சோதித்துக் காட்டச் சொன்னார்கள் என்று அதன் கதவை நானே திறந்து மூடியிருந்தேன். அப்போதுதான் எனக்குக் குப்பென்று வேர்த்தது.

அறைக்குள் சூடம் கொளுத்தினால் புகை மணி அடிக்கும். ஆகவே அண்ணன் கொடுத்த பழத்தை மட்டும், முதல் வாரம் பேனல் பெட்டியைச் சுவரில் பதித்த அன்று, அதற்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்திருந்தேன். எல்லா வேலையிலும் வைப்பேன், சாவி கொடுக்கும் நாளில் எடுத்துவிடுவேன். இங்கே அதை அடியோடு மறந்துவிட்டேன்.

உடனே கையைத் தூக்கிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். யாரும் இல்லாதபோது எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. ஆனால் பழத்தை எடுத்தாலும் குழாயைக் கழற்றத்தான் போகிறார்கள். ஆறு வாரத்தில் அண்ணனின் சோதனை முடிந்தே போயிருக்கும். "சிஸ்டர், ஏர்கான் இல்லை, நான்தான்," என்றேன். எல்லார் முன்னாலும் பேனலைக் கழற்றினேன். பழம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஃபைசாலுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர் குடிக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான் என்றான். சிஸ்டர் ரோஹானி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இது என்ன, எதற்கு வைப்பது என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, பழத்தைப் பையில் போட்டுக் கட்டினார். பெட்டியைச் சுத்தம் செய்து, அறையை மறுபடி கழுவி, மறுபடி தட்டு வைக்கப் பன்னிரண்டு நாள் போதும் என்றார்.  போகும்போது திரும்பி நின்று கேட்டார்:

"மொத்தம் எத்தனை பழம் வச்சீங்க? எண்ணிச் சொல்லுங்க. நாங்க பஞ்சைக்கூட எண்ணித்தான் வயித்துக்குள்ள வைக்கிறோம், எண்ணித்தான் வெளிய எடுக்கிறோம்."

புள்ளி

சிஸ்டரிடம் சொன்னது சுலபம். பின்வாசலுக்கு நடந்துபோனதுதான் கஷ்டமாக இருந்தது. பெருமாள் அண்ணன் செவ்வாய்க்கிழமைக்காகப் புதுச் சட்டை எடுத்து வைத்திருப்பதாக முதல் நாள்தான் சொல்லியிருந்தார். கூண்டு வாசலில் நின்று, பன்னிரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது, காரணம் நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இன்னொரு தட்டிலும் முளைத்துவிட்டால் அவர் வேலை போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எலுமிச்சை மரம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு அவருக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது.

"நான் கொடுத்த பழந்தானே தம்பி. கண்ணு தெரிஞ்சிருந்தா புள்ளி இல்லாத பழமா பாத்து பறிச்சிருப்பேன்."

வெள்ளை

இரண்டாவது தடவை ஆறு தட்டும் சுத்தம். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் நம்பர் அறையில் புது விளக்குக்குக் கீழே முதல் ஆளாகப் பெருமாள் அண்ணன் படுத்தார். வலது கண் முதலில். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சிஸ்டர் ரோஹானி என்னைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரம் விளக்கு அணையக் கூடாது என்று நான் கும்பிட்ட கும்பிடு, இருபத்திரண்டு வருஷத்தில் கும்பிட்ட மொத்தத்தையும் தாண்டும். பழம் இல்லாமல்தான்.

இரண்டு மாதம் கழித்துப் புது அறையைச் சோதனை பார்க்கப் போனேன். மணி, விளக்கு, பேட்டரி எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்கு முன்னால் பின்வாசலில் வேனை நிறுத்தியபோதே கூண்டைத்தான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் கூண்டில் இருந்தார், அதே மடிப்புக் கலையாத சீருடை. கண் சோதனையில் தேறிவிட்டார், இடது கண்ணுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன் தம்பி, அவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதே இல்லை என்றார்.  உங்களுக்கும் ஆ சோங்குக்கும் சாமி குறை வைக்காது என்று வேறு சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேன் நம்பரைப் படித்து எழுதினார், எட்டு எட்டாகவே விழுந்தது. நிறம் என்ற கட்டத்தில் 'பூத்தே', வெள்ளை, என்று எழுதினார். முந்திய பக்கங்களை அவர் புரட்டிப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, வேனை முன்கதவிலிருந்து பின்கதவுவரை ஒரு நோட்டம் விட்டார். கோணல்மாணலாக ஓடிய மூன்றாவது கோட்டின்மேல் விரலை வைத்தார். முகம் சுளித்தது.

"நல்ல வெள்ளை வேனு தம்பி. அதுல எதுக்கு மஞ்ச டேப்ப ஒட்டி இப்படி அசிங்கம் பண்ணி வச்சிருக்கீங்க?"

ஆகவே சக துன்பஜீவிகளே, அந்த ஆஸ்பத்திரி வேலையில் எனக்கு இன்றுவரை வந்த புகார் ஒன்றே ஒன்று, அதுவும் என் வேனைப் பற்றி. டேப்பை நான் இன்னும் உரிக்கவில்லை.